தங்கச்சி வீட்டு பல்பு ஹோல்டர்

"காது கேக்காதவ வீட்டுக்கு பெல்லு வச்சு என்ன செய்யப் போறிய?" என்று என் மனைவி கேட்டாள். பெல் இல்லை, விளக்கு என்றேன். வாசலில் சுவிட்சை அமுக்கினால் உள்ளே ஒரு சின்ன பல்பு எரியும். அதைப் பார்த்து என் தங்கை வந்து கதவைத் திறப்பாள். "அப்ப அவ ஒத்தையில இருக்கதுக்கு நீங்களே ரோடு போட்டுக் குடுக்கிய," என்றாள். நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த ஏற்பாட்டில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை.

பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். வருடக் கடைசியில் ஓய்வு. அதன்பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டியிருக்கிறோம். தங்கை தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். அவளுக்கு இன்னும் ஏழெட்டு வருட வேலை பாக்கி. பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போயின. பேச்சு இருக்கிறது, கொஞ்சம் உரக்கவே இருக்கிறது. எதிராளியின் உதட்டைப் பார்த்தே முழு வம்பையும் தெரிந்துகொள்வாள். கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஊருக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போவதாக நான் முடிவு செய்திருந்தேன். அவளிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

மே மாதம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஆபீஸ்ல ஒப்பு போட்டு வாங்கிட்டேன் அண்ணே. கீழ லயத்துல கடைசி வீடு."

லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகள். வேலையில் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கலாம், ஆனால் குடியிருக்க வேண்டும். பூட்டிப்போட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். காது கேட்காதவளிடம் கத்துகிறேன் என்று அடுப்படியிலிருந்து மனைவி சிரித்த பிறகுதான் உறைத்தது.

"காது கேக்காம ஒத்தையில எப்படிட்டி இருப்ப?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தேயிலைக்குந்தான் காது கேக்காது. வளரலையா?" என்றாள்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அவள் அங்கே குடிபோகலாம். நான் கிளம்புவதற்குள், யாராவது வாசலில் வந்து நின்று அவளுக்குத் தெரியாமல் திரும்பிப் போனார்கள் என்று ஒரு தடவை கேள்விப்பட்டாலும் போதும், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிட வேண்டும். அவள் ஒப்புக்கொண்டாள். ஆனால் அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். விளக்கு கெட்டுப்போனால் அவளே சரி செய்துகொள்ளும்படி இருக்க வேண்டும். "அதுக்கும் ஒன்னத்தான் கூப்பிடணும்னா நான் ஒன் வீட்லயே இருந்துக்கிடுவேன்," என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எரிகிற விளக்கைச் செய்வது எனக்கு ஒரு வேலையே இல்லை. அடுத்தவர் சரி செய்யக்கூடிய விளக்கை நான் அதுவரை செய்ததில்லை.

லயத்து வயரிங்கில் கை வைக்க ஆபீஸ் சம்மதிக்காது. தவிர, மழைக்காலத்தில் கரண்ட் போனால் இரண்டு நாள் வராது. தண்ணீர் எங்கள் தலைக்கு மேலிருந்துதான் குழாயில் இறங்கிக் கீழே பவர்ஹவுஸுக்குப் போகிறது, ஆனாலும் முதலில் இருட்டாவது நாங்கள்தான். அதனால் பழைய எமர்ஜென்சி விளக்கிலிருந்து ஒரு ஆறு வோல்ட் பேட்டரியும், டார்ச் லைட் பல்புகளும் போதும் என்று முடிவு செய்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று, கட்டிலுக்கு எதிரில் ஒன்று, பின்வாசலில் ஒன்று. எல்.இ.டி. வைத்துப் பார்த்தேன். கெட்டுப்போனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை, வயரை மாற்றிக் கொடுத்தால் எரியவுமில்லை. டார்ச் பல்பு அப்படியில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இழை அறுந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அடிமாலியில் ஒரு கடைக்காரர், யாரும் கேட்பதில்லையே என்று டப்பாவோடு எடுத்துக் கொடுத்தார்.

பல்பு கிடைத்துவிட்டது, அதை மாட்டும் ஹோல்டர்தான் வம்பு செய்தது. கடையில் விற்கும் தகர ஹோல்டர் ஜூன் மாதத்து ஈரத்தில் பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. திறந்து துடைக்கலாம் என்றால் ரிவெட் அடித்து மூடியிருந்தான். தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. அதனால் ஹோல்டரே இல்லாமல் வயரை நேராக பல்பிலேயே பற்றவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அழகான வேலை, ஒரு சொட்டு ஈயம் சிந்தவில்லை. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பல்பு போச்சுன்னா?"

"பத்தவச்சுத் தாரேன்."

"அப்ப நீயே வச்சுக்க," என்று என் கையிலேயே திணித்துவிட்டாள்.

அந்த அவமானத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தொழிற்சாலைப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் ஹோல்டருக்குள் பல்பை நுழைக்கிறோம், பல்பின்மேலேயே ஹோல்டரைச் செய்தால் என்ன என்று தோன்றியது. வீட்டு வயரின் தோலை உரித்து உள்ளே இருக்கும் ஒற்றைச் செம்புக் கம்பியை எடுத்தேன். பல்பின் திருகு மரை ஓடும் வழியிலேயே அதை நாலு சுற்றுச் சுற்றினேன். பல்பைத் திருகிக் கழற்றினால் கம்பி அதே மரையோடு சுருளாக நின்றது. பிடுங்கிப்போட்ட தேயிலைச் செடியின் அடிக்கட்டையில் ஒரு துண்டு அறுத்து, சுருளின் வாலை ஒரு ஸ்குரூவால் அதில் இறுக்கினேன். சுருளுக்கு நேர் கீழே ஒரு பித்தளை ஸ்குரூ. பல்பைத் திருகினால் அதன் அடி மூக்கு அந்த ஸ்குரூவின் தலையில் போய் உட்காரும். ஹோல்டர் அவ்வளவுதான். லூசானால் சுருளை விரலால் நெருக்கலாம். கறுத்தால் தேய்க்கலாம். கம்பி அறுந்தால் புதுக் கம்பியை அதே பல்பின்மேல் சுற்றிக்கொள்ளலாம். இதில் ஒளித்து வைத்த சங்கதி எதுவும் கிடையாது.

அவள் அதை மேசைமேல் வைத்து முழுசாகக் கழற்றினாள். ஸ்குரூவைத் தேங்காய்க் கத்தியின் முனையால் திருகினாள். திரும்ப மாட்டினாள். எரிந்தது. "இப்பத்தான் நீ ஃபிட்டர்," என்றாள். சம்பள உயர்வு வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

ஒரு வாரம் கழித்துப் போனால் மூன்று ஹோல்டரும் பச்சைப் பசேலென்று பூத்துக் கிடந்தன. செம்பும் பித்தளையும் கறுக்கிறதே என்று புளியும் உப்பும் போட்டு விளக்கியிருக்கிறாள், சர்ச்சில் மெழுகுவர்த்தித் தண்டை விளக்குகிற மாதிரி. விளக்கியது சரி, உப்பை யார் கழுவுவது? மூடுபனி வீட்டுக்குள் வந்து படுக்கிற ஊரில் உப்புப்பட்ட செம்பு வேறெப்படி இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தீப்பெட்டியை எடுத்து அதன் உரசுகிற பக்கத்தால் தேய்க்க ஆரம்பித்தாள். உப்புத்தாளைவிட அது நன்றாகவே வேலை செய்தது. பட்டறையில் இப்போது நானும் தீப்பெட்டியால்தான் தேய்க்கிறேன்.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் புகார் ஒன்றும் வரவில்லை. விளக்கு நன்றாக வேலை செய்கிறது என்று நம்பினேன். வழியில் பார்த்த நாலு பேரிடம் அந்த ஹோல்டரை விளக்கிச் சொல்லி அவர்கள் நேரத்தையும் கெடுத்தேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கீழ லயத்தில் கொம்பன் இறங்கிவிட்டது என்று போன் வந்தது. நான் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் யானை கடைசி வீட்டுப் பின்புறத்து வாழையைத் தின்றுவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டது. கடைசி வீடு என்றால் தங்கை வீடு. லயமே பத்து நிமிடம் அவள் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறது. அவள் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரை ஊற்றப் பின்கதவைத் திறந்தபோது எதிரில் யானை. கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் போனபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், மடியில் கழுநீர்ச் சட்டியோடு.

என் ஹோல்டர் என்னைக் கைவிட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வாசலுக்குப் போய் சுவிட்சை அமுக்கினேன். மூன்று பல்பும் பளிச்சென்று எரிந்தன. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் எரிந்தன.

கூடி நின்றவர்களிடம் திரும்பிக் கேட்டேன். "யாராவது இந்த சுவிட்ச அமுக்குனியளா?"

பக்கத்து வீட்டு அக்காதான் வாயைத் திறந்தாள். "என்ன பேசுதிய? பெல்லடிச்சு நிக்கதுக்கு இது என்ன மேனேஜர் பங்களாவா? மனுசர் வீட்டுக்கு வந்தா கூப்பிடத்தான செய்வோம்?"

"அவளுக்குக் காது கேக்காதுன்னு தெரியும்லா?"

"தெரியும். ஆனாலும் வாய் கூப்பிட்டுருதே, என்ன செய்ய?"

எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இரண்டு மாதமாக அந்த சுவிட்சை ஒரு ஆள்கூடத் தொட்டதில்லை. லயத்தில் வளர்ந்த எவருக்கும் அது வராது. வாசலில் கால் வைக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பாதி உள்ளே வந்துவிடுவார்கள். அவள் கண்ணில் பட்டால் பேச்சு, படாவிட்டால் திரும்பிப் போய்விடுவார்கள். எத்தனை பேர் அப்படித் திரும்பினார்களோ. நான் ஹோல்டரைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டிருந்தேன். பல்பு எரியும், கம்பி தாங்கும், துருப்பிடிக்காது, எல்லாம் சரி. அமுக்க ஒரு விரல் வரவேண்டுமே, அதை யோசிக்கவில்லை.

தங்கையின் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். "போதும் பாப்பா. சாவியக் குடுத்துருவோம். பேசுனது பேசுனதுதான்."

அவள் மறுக்கவில்லை. "ஒரு வாரம் குடு. அதுவரைக்கும் இங்க வராத," என்றாள். எதற்கு என்று கேட்டேன். அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள். அவள் முகத்தைத் திருப்பிவிட்டால் பிறகு யார் என்ன பேசினாலும் பயனில்லை.

அந்த ஒரு வாரம் நான் அவள் பக்கம் போகவில்லை. மனைவியிடம் மட்டும், சாமான்களை மூன்று பேருக்குச் சேர்த்துக் கட்டு என்று சொல்லிவைத்தேன். எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். யானை என் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "பாப்பா, ஏ பாப்பா," என்று கூப்பிட்டுக்கொண்டே சேறு மிதிக்காமலிருக்கப் போட்டிருந்த பலகையில் கால் வைத்தேன். சுவிட்ச் என் தோளுக்கு நேரே இருந்தது. அதை மாட்டியவன் நான். அமுக்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

உள்ளே அடுப்புக்கு மேலே பல்பு எரிந்தது. தங்கை திரும்பிப் பார்த்தாள். "வா அண்ணே," என்றாள்.

நான் காலை எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது. குனிந்து பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கீழே உரச் சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரண்டு பித்தளைத் தகடுகள். அவை சும்மா தொட்டுக்கொள்ளாமலிருக்க இரண்டு ஓரத்திலும் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டுகள். ஆள் ஏறினால் ரப்பர் அமுங்கித் தகடுகள் சேரும். வயர் முனைகளை அவள் பற்றவைக்கவில்லை. என் ஹோல்டரில் இருப்பதுபோலவே சுருட்டி, ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தாள். கெட்டுப்போனால் கழற்றுவதற்கு.

"நாய் வந்தாலும் எரியுது," என்றாள். "ஆடு வந்தாலும் எரியுது. எழுந்து எழுந்து பாக்க வேண்டியிருக்கு. ஆனா இந்த வாரம் பதினோரு பேரு வந்தாவ, ஒருத்தரும் திரும்பிப் போவல."

நான் அந்தப் பலகையைத் திரும்பச் சரியாக வைத்தேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அவள் இருக்கிற ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கட்டன் காப்பி போடவா, பால் ஊற்றவா என்று கேட்டாள். என் வீட்டில் இத்தனை வருடம் இருந்தவள், ஒரு நாளும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அங்கே எரிந்தது அவள் அடுப்பில்லை.

காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஊருக்கு எப்பப் போறிய?"

போறோம் என்று கேட்கவில்லை. போறிய என்றுதான் கேட்டாள், விருந்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம் கேட்கிற மாதிரி. டம்ளரைப் பார்த்துக்கொண்டே, கிறிஸ்துமஸ் கழிந்து என்றேன்.

"அப்ப கிறிஸ்துமஸ் சாப்பாடு எங்க வீட்லதான். மதினியக் கூட்டிட்டு வந்துரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையைத் தூக்காமலே சரி என்றேன்.

"என்ன சொன்ன? குனிஞ்சுக்கிட்டு பேசுனா எனக்கு எப்படித் தெரியும்? நிமிந்து சொல்லு."

நிமிர்ந்து சொன்னேன். "வாரோம் பாப்பா."