எண்பத்தொன்றுக்கு மேல்

"எண்பத்தொண்ணுக்கு மேல எத்தன கிலோ இருந்தாலும் ஒரே பிரிவுதாம்மா," என்றார் மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியில் எடை பார்த்தவர்.

"நான் எண்பத்திநாலு சார். என்கூட மோதப் போற அக்கா நூத்திப் பதினெட்டு," என்றாள் கலைமதி.

"உடம்ப வளத்துட்டு வந்து இப்ப கணக்குக் கேக்குறியா?"

"ஒல்லிப் பொண்ணுங்களுக்கு மூணு மூணு கிலோவுக்கு ஒரு பிரிவு வச்சிருக்கீங்க. எங்களுக்கு முப்பத்திநாலு கிலோ வித்தியாசம் கண்ணுக்குத் தெரியலையா?"

"உங்கள மாதிரி நாலு பேருக்காகத் தனியா மெடல் அடிப்பாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கலைமதி என் பெரியம்மா மகள். செஞ்சியில் நெல் மண்டியில் மூட்டை எடை போடுகிறாள். அங்கே ஒரு மூட்டையில் அரைக் கிலோ கூடினாலும் அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் சாக்கைத் தைப்பார்கள். நெல்லுக்குக் காட்டும் அந்த நியாயத்தை அவளுக்கு எவரும் காட்டவில்லை.

அந்த நூற்றுப் பதினெட்டுக் கிலோ அக்காவுடன் மோதியபோது, இரண்டாம் சுற்றில் விழுந்த ஒரு குத்தில் அவளது இடது செவிப்பறை கிழிந்தது. இனிமேல் குத்துச்சண்டை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு வருடம் கோட்டை மதிலோரம் ஓடிய ஓட்டம் அதோடு முடிந்தது. ஆள் குறைவு என்பதற்காக ஒருத்தியின் காதைப் பலி கொடுக்கலாமா?

கட்டு போட்ட தலையோடு அவள் என்னிடம் கேட்டது இதுதான்:

"நீதான் இங்கிலீஷ் படிச்சவளாச்சே, பாக்ஸிங் சங்கத்துக்கு ஒரு லெட்டர் எழுதுடி. பாவம்னு எழுதாத. அந்த அக்கா மேலயும் தப்பு சொல்லாத. எங்க ரெண்டு பேரு எடையையும் பக்கத்துல பக்கத்துல போடு."