ஆறு மணி விசில்

எங்கள் வீட்டில் சந்தேகம் ஒரு குடும்பச் சொத்து. அப்பாவுக்குப் பால்காரன்மேல் சந்தேகம், அம்மாவுக்குக் கடைக்காரன் தராசின்மேல் சந்தேகம், எனக்கு எல்லார்மேலும். பாலில் ஆடை குறைந்திருந்தால் முதலில் பூனையைப் பார்ப்பேன், அடுத்து அம்மாவைப் பார்ப்பேன். அக்கா மட்டும் இதில் சேராமல் பிறந்தவள். அவள் யாரையும் சந்தேகப்பட மாட்டாள். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

தலைமுறை தலைமுறையாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் வாழ்ந்தும் தெருவுக்கு நாங்கள் தமிழ்க்காரர்கள்தான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பயம் அப்பாவுக்கு எப்போதும் உண்டு. அக்கா தேவராவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தபோது அரைமனதாகத்தான் சம்மதித்தார். எழுபதுகளின் கடைசியில் எங்கள் உறவில் வேலைக்குப் போன முதல் பெண் அவள். "ஏதாவது ஒரு பேச்சு என் காதுல விழட்டும், அன்னிக்கே நிறுத்திடுவேன்" என்று சொல்லிவைத்திருந்தார். காலையில் போட்டில் காயலைக் கடந்து எர்ணாகுளம், அங்கிருந்து பஸ். அக்காவுக்கு அந்த வேலைதான் உயிர். போட்டில் காற்றுப் படும் இடமாகப் பார்த்து உட்காருவாளாம். அதைச் சொல்லும்போதே அவள் முகம் மாறிவிடும்.

அந்த வருடம் ஐப்பசி பிறக்கும் சமயத்தில் விசில் ஆரம்பித்தது.

வீட்டுக்குப் பின்னால் பலாமரமும் புதரும் மண்டிய ஒரு துண்டு நிலம். அதன் மதிலுக்கு அப்பால் பூட்டிக் கிடந்த சுக்குக் கிடங்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு, விளக்கேற்றும் நேரத்தில், அந்தப் பக்கத்திலிருந்து விசில் வரும். இரண்டே சுரம். முதலாவது ஏறும், அடுத்தது இறங்கும். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் அதேதான். அக்கா வேலையிலிருந்து வந்து கிணற்றடியில் முகம் கழுவும் நேரமும் அதுதான்.

பக்கத்து வீட்டுச் சேச்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். மதிலுக்கு மேலே தலையை நீட்டி அம்மாவிடம், "மாமீ, ஆரோ சூளம் அடிக்குந்நுண்டல்லோ, மூத்த மோள் வருந்ந நேரத்து" என்றாள். சூளம் என்றால் விசில். அக்கா வரும் நேரம் பார்த்து யாரோ அடிக்கிறார்களாம். அம்மா அன்றைக்கு சாம்பாரில் உப்புப் போட மறந்தாள். ராத்திரி அக்கா தூங்கிய பிறகு அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா கத்தவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. "ஆளைக் கையும் களவுமாப் பிடிக்கணும். பிடிச்ச மறுநாள் அவ போட்டுல ஏறப்படாது, மனசிலாச்சோ?" என்றார்.

மறுநாள் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து பைனாகுலர் வாங்கிவந்தார். ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சை. அக்கா கேட்டதற்கு, கப்பல் பார்க்க என்றார். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து கப்பலின் புகைகூடத் தெரியாது. காவலுக்கு என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அக்காமேல் எனக்குப் பிரியம்தான். ஆனாலும் அன்றைக்கு எனக்கிருந்த உற்சாகத்தை என்னவென்று சொல்ல! என் சந்தேகத்துக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்திருந்தது.

தினமும் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். சேச்சி தன் குளியலறைப் பக்கம் ஒரு பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். அப்பாமேலேயே தெருவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

ஆளைத் தேடிய இடத்திலெல்லாம் பறவைதான் இருந்தது. ஒருநாள் பலாக்கிளையில் வெள்ளையாக ஒன்று வந்து உட்கார்ந்தது. உடம்பைவிட நீளமான வால். "ஏ குட்டி, இதென்னடி, வால்ல ரிப்பனைக் கட்டிண்டு வந்திருக்கு?" என்று அப்பா கிசுகிசுத்தார். அன்றைக்கு விசில் வந்ததா என்றே எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் வாசகசாலையிலிருந்து படம் போட்ட ஒரு பறவைப் புத்தகம் எடுத்துவந்தேன். கற்றுக்குட்டிகள் செய்யும் எல்லாவற்றையும் செய்தோம். குமிழைத் திருகித் தெளிவாக்குவதற்குள் பறவை போய்விடும். புத்தகத்தில் அழகான ஒன்றை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, வெளியே வந்த மைனாவை அதுதான் என்று சாதிப்போம்.

கடைசியில் ஒருநாள் விசில் மிக அருகில் கேட்டது. அப்பா என் தோளை அழுத்தினார். "அந்தத் தாழ்ந்த கொம்புல பாரு." வாலே இல்லாததுபோல் குண்டாக ஒரு குருவி. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், அடிவயிறு சிவப்பு, கண்ணுக்கு மை இழுத்தாற்போல் ஒரு கறுப்புப் பட்டை. தலையைப் பின்னால் சாய்த்து அலகைத் திறந்தது. விசில் அதன் வாயிலிருந்துதான் வந்தது.

"படுபாவி!" என்றார் அப்பா. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சேச்சியைக் கையோடு மாடிக்கு அழைத்துவந்து காட்டினார். பெட்ஷீட் இறங்கியது. சாப்பிடும்போது அப்பாவே அக்காவிடம் ரகசியத்தை உடைத்தார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அக்காதான். "என்னைப் பாத்து விசிலடிச்ச ஒரே ஆளும் குருவியாப் போயிடுத்தே!" மறுநாள் போட்டிலும் இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தாளாம்.

புத்தகத்தில் அதன் பெயர் ஆறுமணிக் குருவி என்றிருந்தது. வடக்கே இமயத்தின் அடிவாரத்திலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும், வெயில் ஏறியதும் திரும்பிப் போய் அங்கே கூடு கட்டும் என்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "எங்கேருந்து வந்தா என்ன? ஆளில்லையே, அது போரும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சித்திரை விஷு கழிந்த பிறகு விசில் நின்றுபோனது. வீட்டில் என்னைத் தவிர யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வைகாசி பாதியில் மழைக்காலம் கொட்ட ஆரம்பித்த வாரம். சாயங்காலம் ஆறு மணி. அப்பா கீழே சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மழையில் மூட்டுவலி வந்துவிடும், மாடி ஏற மாட்டார். பின்பக்கத்திலிருந்து இரண்டு சுரம் கேட்டது. முதலாவது ஏறியது, அடுத்தது இறங்கியது.

"கேட்டியோ, நம்ம குருவி" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல், பெருமையாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்ம குருவி இந்நேரம் வடக்கே எங்கேயோ முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். முற்றத்தில் பாத்திரமெல்லாம் மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

மாடிக்கு ஓடிப் பைனாகுலரை எடுத்தேன். கிடங்கு மதிலுக்கு மேலே ஒரு கறுப்புக் குடை. குமிழைத் திருகினேன். குடைக்குக் கீழே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு முகம், உதட்டைக் குவித்துக்கொண்டு. போட்டில் கதை கேட்டவர்களில் ஒருவர் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார். கிணற்றடியில் அக்கா நனைந்துகொண்டே நின்றாள். முகம், போட்டுக் காற்றைப் பற்றிச் சொல்லும்போது இருக்குமே, அப்படி இருந்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் பொங்கியது. இத்தனை நாள் எல்லாரையும் சந்தேகப்பட்டவள் நான், நிஜமாகவே ஒன்று நடந்தபோது கோட்டைவிட்டிருக்கிறேன்.

கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "குட்டி, கண்ணுக்குத் தெரியறதோ?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு அக்கா போட்டில் ஏற மாட்டாள்.

"தெரியறதுப்பா."

"எங்க இருக்கு?"

"மதில்கிட்ட."

"பாவம், இந்த மழைல நனையறதோ?"

நான் குடையை இன்னொரு தரம் பார்த்தேன்.

"இல்லப்பா, நனையலை" என்றேன்.