பின்பக்க மடிப்பு

வாயில் ஐந்தாறு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே மேரிறோஸ் ஏசுவார். ஊசியும் விழாது, சொல்லும் தவறாது. பாரிஸின் லா சப்பலில், தில்லையம்பலத்தாரின் சேலைக்கடைப் பின்னறையில் பதினெட்டு வருடமாகத் தைக்கிறார். மணப்பெண்ணின் சேலைக்குக் கொய்யகம் மடித்து அயர்ன் பண்ணிக் கொடுப்பதில் அவருக்குப் புறநகர் கார்ஜ் வரைக்கும் பெயர். மடிப்புக்கு அளவுநாடாவைத் தொடமாட்டார். நாலு விரல்தான் கணக்கு.

அந்த விரல்தான் இம்முறை காலை வாரிவிட்டது.

கலியாண உடுப்புத் தைக்கக் கொடுத்த ஸ்ரீபன் கட்டப்போகும் பெண் கிளாஸ்கோவில் வளர்ந்தவள். அவள் ஆசைக்காக மாப்பிள்ளை ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டும் கில்ட் பாவாடை உடுக்கிறார். ஏழு மீற்றர் கட்டம்போட்ட கம்பளித்துணி. முன்பக்கம் தட்டை, பின்பக்கம் முழுக்க மடிப்பு. கட்டம் குலையாமல் பின்னாலும் தொடரும்படி மடிக்கலாம்; அல்லது ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு நிற்கும்படி மடிக்கலாம். மேரிறோஸோ கைப்பழக்கத்தில் நாலு விரலுக்கு மடித்துத் தைத்துவிட்டார். சிவப்புக் கோடு ஒரு மடிப்பில் நடுவே நின்றது, அடுத்ததில் ஓரம் போனது, அதற்கடுத்ததில் ஆளையே காணோம்.

வியாழன் காலை அயர்ன் போடும்போது பிழையைக் கண்டவரும் அவரேதான். தன்னையே திட்டிக்கொண்டு அவிழ்க்க உட்கார, ஸ்ரீபன் வந்து நின்றார்.

"பிழைச்சுப்போச்சு தம்பி. திருப்பி மடிக்கவேணும். கட்டம் தொடரவோ, கோடு நிக்கவோ?"

ஸ்ரீபன் அதை இடுப்பில் வைத்துக் கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டும் பார்த்தார். "செ போன், அன்ரி. எதெண்டாலும் எனக்கு ஓகே."

முதலாளி அதற்கும் மேலே போனார். "பின்பக்கம்தானே, ஆர் பாக்கப்போகினம்? நாளையிண்டைக்குக் கலியாணம். விடுங்கோ அக்கா."

இதற்குக் கோபம் வராவிட்டால் வேறெதற்கு வரும்? மேரிறோஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"சேர்ச்சிலை மாப்பிள்ளை சனத்தைப் பாத்துக்கொண்டே நிக்கப்போறார்? பீடத்தைப் பாத்துக்கொண்டெல்லோ நிப்பார். ஒரு மணித்தியாலம் முழுச்சனமும் பாக்கப்போறது இந்தப் பின்பக்கத்தைத்தான். கிளாஸ்கோவிலையிருந்து வாற ஆக்களுக்குக் கட்டம் தெரியும். அந்தப் பொம்பிளைப்பிள்ளை எந்த முகத்தோடை அதுகளுக்கு முன்னாலை நிக்கிறது? ஆர் தைச்சதெண்டு கேட்டால் என்ரை பேரைத்தானே சொல்லுவியள்?"

"நேரமில்லை அக்கா," என்ற முதலாளி கில்டைப் பையில் போட்டு ஸ்ரீபனிடம் நீட்டினார்.

மேரிறோஸ் எழுந்துவந்து அந்தப் பையை இடையிலேயே பறித்தார். கில்டை மேசையில் பின்பக்கம் மேலே தெரிய விரித்து, "கட்டம் தொடரட்டும்," என்றபடி முதல் மடிப்பின் தையலில் பிளேடை வைத்தார்.