அத்தைக்குக் காட்டிய முடிவு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது. வேலை மாறிப் புனேவுக்குப் போன சித்தப்பா தன் பழைய கம்ப்யூட்டரை எங்களிடம் விட்டுப்போனபோது, அந்த விளையாட்டை அழிக்க மறந்திருந்தார். பிள்ளையின் படிப்புக்கு ஆகும் என்று அப்பா கம்ப்யூட்டரை லிங்கராஜபுரம் வீட்டின் முன்னறையில் வைத்தார். எனக்குப் பதினொரு வயது. படிப்புக்காக அதைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒளிந்து ஒளிந்து ஆடும் விளையாட்டு அது. மழை விடாத ஒரு துறைமுக ஊர். படகோட்டி ஒருவன் தன் மனைவியைத் தேடுகிறான். கோட்டைக்காரனின் ஆட்கள் அவளைத் தூக்கிப்போய்விட்டதாக ஊர் சொல்கிறது. காவலாளிகளின் கண்ணில் படாமல் கூரை ஏறியும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றும் அவன் மாளிகை மாளிகையாகப் போகவேண்டும். கதை முழுவதும் இங்கிலீஷில் எழுத்தாகத் திரையின் அடியில் ஓடும்.

அதைத் தமிழில் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தவள் அத்தை. அப்பாவின் தங்கை. கன்னட மீடியத்தில் ஏழாவதோடு நின்றவள். கார்மென்ட்ஸில் தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் இறங்கி வந்ததும், டீ டம்ளரோடு என் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான்கு வருஷத்துக்கு முன்னால், பெயின்ட் அடிக்கும் வேலைக்கென்று காலையில் கிளம்பிய மாமா திரும்பி வரவில்லை. அவருடைய போனும் அணைந்துவிட்டது. அதன் பிறகுதான் அத்தை எங்களோடு வந்து தங்கினாள். வேலை எடுத்த இடத்தில் ஏதோ தகராறு, யாரோ அவரை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவள் நம்பினாள். வீட்டில் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

அத்தைக்குச் சண்டை பிடிக்காது. காவலாளிகள் பேசிக்கொள்வதுதான் பிடிக்கும். நான் பின்னாலிருந்து ஒருவனை மடக்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"இரு கண்ணு. அவங்க பேசி முடிக்கட்டும். அந்தப் பொண்ணப் பத்தி எதனா சொல்லுவாங்க."

இருட்டில் அசையாமல் நிற்போம், படகோட்டியும் நாங்களும். ஒரு காவலாளி தன் காலணி நனைந்ததைப் பற்றிப் புலம்புவான். இன்னொருவன் குழந்தையின் காய்ச்சலைப் பற்றிச் சொல்வான். நான் சொல்லச் சொல்ல அத்தை சலிக்காமல் கேட்பாள். எங்கள் வீட்டில் அவள் அறைக்குள் வந்தால் அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு பேச்சை முழுசாகக் கேட்க அவளுக்கு அந்தக் காவலாளிகள்தான் வாய்த்திருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசி மாளிகைக்கு வந்துசேர இரண்டு மாதம் ஆயிற்று. பூட்டிய அறை ஒன்றை எதிர்பார்த்திருந்தோம். கதவு திறந்தே இருந்தது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுத்து ஓடத் தொடங்கியது. நான் ஒரு வரியும் விடாமல் சொன்னேன்.

"யாரும் தூக்கிட்டு வரலயாம் அத்தை. அவளாத்தான் வந்தாளாம். என்னைத் தேடாதேன்னு சொல்றா."

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். சரியாகப் படி என்றாள். மறுபடியும் படித்தேன். அதேதான் இருந்தது.

திரையில் இரண்டு வழிகள் வந்தன. அவளை இழுத்துக்கொண்டு போகலாம். அல்லது தனியாகத் திரும்பலாம். எனக்கு முதல் வழிதான் வேண்டும், அதில்தான் சண்டை வரும். அத்தை வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "விட்டுடு. அவனை வந்துடச் சொல்லு" என்றாள்.

படகோட்டி தனியாகப் படகில் ஏறினான். விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடின. இரண்டு மாத உழைப்பு இப்படி முடிந்ததில் எனக்கு அழுகை வந்தது. அத்தை அழவில்லை.

ஏழரைக்கு அப்பா வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை வாசலில் போய் நின்றாள். தண்ணீர் வந்ததா என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள்.

"அண்ணா, அவரு எங்க இருக்காருன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். கடைசியில் அப்பா சொன்னார். ஹோசூரில் இருக்கிறாராம். அங்கே வேறு குடும்பமாம், நடக்கப் பழகும் ஒரு பெண் குழந்தையும் உண்டாம். ஒரு வருஷத்துக்கு முன்பே தான் போய்ப் பார்த்ததாகவும், கூப்பிட்டும் வர மறுத்துவிட்டதாகவும், அத்தை தாங்கமாட்டாள் என்றுதான் மறைத்ததாகவும் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

அத்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்காரா?"

"இருக்கான்."

தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அதில் ஹோசூர் மட்டும்தான் மனதில் நின்றது. இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். மாமா கிடைத்துவிட்டார், இவர்கள் ஏன் சந்தோஷப்படவில்லை? எப்போது கூட்டிவரப் போகிறோம் என்று அம்மாவைக் கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படு என்றாள். சர்ச்சில் ஞாயிறுதோறும் வாசிக்கும் வேண்டுதல் பட்டியலில் நான்கு வருஷமாக மாமாவின் பெயர் வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் வரவில்லை. வாசித்தவர் விட்டுவிட்டார் என்று அத்தையின் காதில் சொன்னேன். அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்று மத்தியானமே, முடிவுக்கு முன்னால் சேவ் செய்து வைத்திருந்த இடத்திலிருந்து மறுபடி ஆடினேன். இந்த முறை இழுத்துக்கொண்டு போகும் வழி. எத்தனையோ தடவை மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் நெருங்கும்போது ஒருவழியாக வென்று, ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

"பாரு அத்தை. கூட்டிட்டு வந்துட்டான்."

படகோட்டி கரையோரம் நடந்துகொண்டிருந்தான். மணிக்கட்டில் கயிறோடு, நிமிர்ந்து பார்க்காமல், மனைவி அவன் பின்னால் நடந்தாள். அடியில் எழுத்து எதுவும் ஓடவில்லை. அவர்கள் வீடு போய்ச் சேரும்வரை அத்தை நின்றுகொண்டே பார்த்தாள். பிறகு என் தலையில் கை வைத்தாள்.

"போதும் கண்ணு. அணைச்சிடு."

அணைத்துவிட்டேன். ஆனால் அத்தைமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து அவளுக்காக நல்ல முடிவைத் தேடிக் கொண்டுவந்திருக்கிறேன். அது கையில் இருக்கும்போது, தனியாகத் திரும்பி வருகிற கதை ஒருத்திக்கு எதற்கு என்று, அன்று யாரோடும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.