ஏலகிரியில் நான் சொன்ன ‘ஆமாம்’

என் மகளின் கல்யாணத்தை அவளோடு சேர்ந்து திட்டம் போட்டவன் நான். அந்தக் கல்யாணம் நடக்கவிருந்த காலையில், எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது என்று நின்றவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் காரணங்கள் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும். காரணம் சொல்வதில் எனக்குத் திறமை அதிகம்.

அப்போது கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் இருந்தோம். எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சாதி பார்க்காதவர், சடங்கு பிடிக்காதவர், நாலும் படித்தவர் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சம்பாதிக்க நான் ஒரு துரும்பையும் கிள்ளிப்போட்டதில்லை. அடுத்தவர் வீட்டுக் கல்யாணங்களைக் கேலி செய்தேன், அவ்வளவுதான்.

கேலிக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. மாமல்லபுரம் கடற்கரைக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை போனாலும் நாலைந்து ஜோடிகள் புகைப்படத்துக்காக அலையில் நின்றுகொண்டிருக்கும். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு முழங்கால் வரை நனைந்திருப்பான். பெண்ணின் கவுனுக்குப் பின்னால் ஒரு நீள வால். அதைக் காற்றில் வீசிவிட்டு, படத்தில் விழாமல் குனிந்து ஓடுவதற்கென்றே ஒருவன். வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம், “அண்ணா, கொஞ்சம் நகருங்க, ஃப்ரேம்ல வர்றீங்க” என்பான் கேமராக்காரன். அவர் பிறந்ததிலிருந்து அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஜி.எஸ்.டி. ரோட்டு மண்டபங்களில் வேறு கூத்து. வாசலில் பிளாஸ்டிக் யானை தும்பிக்கையை ஆட்டிப் பன்னீர் தெளிக்கும். நான் எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்தேன். சிரிப்பதையே ஒரு கொள்கை என்று நினைத்திருந்தேன்.

மகளும் அதை நம்பிவிட்டாள். ஆகவேதான் விஷயத்தை அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் கொண்டுவந்தாள். மறைமலைநகர் பக்கம் ஒரு ஐடி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பையனும் அங்கேதான். ஊர் எங்களுக்கு அடுத்த புதுப்பட்டினம். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலம் வரை ஊரார் நிலத்தில் கூலிக்கு இறங்கிய குடும்பம். சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. அதையும் அவளே சொன்னாள், நான் விசாரிப்பதற்கு முன்பாக.

“எங்களுக்கு மண்டபம் வேணாம்ப்பா. ஏலகிரியில ஒரு சின்ன காட்டேஜ் பாத்திருக்கோம். அவங்க வீட்டுல நாலு பேர், நீங்க, அம்மா, கூட ரெண்டு ஃப்ரெண்ட்ஸ். மாலை மாத்தி, தாலி கட்டி, சாப்பிட்டுட்டு இறங்கிடலாம். அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்.”

“மாமாங்க?”

“மாமாங்க வந்தா அது கல்யாணம் இல்லப்பா, பஞ்சாயத்து.”

மாமாக்கள் என்பது என் மனைவியின் தம்பிகள் இருவர். கூடுவாஞ்சேரியில் அடுத்தடுத்து வீடு கட்டியிருப்பவர்கள், மனை வியாபாரம். அவர்களைக் கேட்காமல் என் மனைவி வீட்டுக்கு ஒரு மிக்ஸிகூட வாங்கமாட்டாள்.

நான் அந்த இடத்திலேயே சம்மதித்தேன். மகள் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சம்மதத்தில் பாதி அவள் மேலிருந்த பாசம். மீதிப் பாதி, நம்மைப் போல் யார் செய்வார்கள் என்ற திமிர். அன்றைக்குக் கேட்டிருந்தால் முழுவதும் பாசம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதன்பின் எங்கள் இருவருக்கும் தினம் இதே பேச்சு. மொட்டை மாடியில் போனோடு நின்று நான் ஆலோசனை சொல்வேன். காட்டேஜ் முற்றத்துப் பலாமரத்தடியில் தாலி கட்டலாம். மாலையை வாணியம்பாடியில் அன்று காலையே வாங்கலாம், வெயிலுக்கு முன் மலையேறிவிடும். சாப்பாட்டுக்கு மலைக்காரர் வீட்டுப் பெண்மணி ஒருவரிடம் சொல்லிவைக்கலாம். செங்கல்பட்டில் தாலி வாங்கியதும் நான்தான். எனக்கென்று ஒரே ஒரு கஷ்டமான வேலை இருந்தது. “அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதை மட்டும் செய்யவில்லை.

ஒவ்வொரு ராத்திரியும் நாளைக்கு என்று நினைப்பேன். கடைசியில் மகளிடம், “அம்மாவுக்குச் சம்மதம்தான். முட்டி வலி, மலைக்கு வர முடியாது. மனசார ஆசீர்வாதம் பண்ணச் சொன்னா” என்றேன். “நான் ஒரு வார்த்தை பேசட்டுமாப்பா?” என்றாள். “இப்ப பேசாதே, அழுவா. தாலி ஏறினதும் பேசு” என்றேன். மனைவியிடம் பெங்களூரில் கூட்டம் என்றேன். இரண்டு பேரிடமும் இரண்டு பொய். பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி ஸ்டாஃப் பஸ். எங்கள் குடியிருப்பு ஆட்களுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வேலையைப் பற்றி வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று பழக்கப்பட்டவர்கள் நாங்கள். அன்றைக்கு எந்தக் குழாயைத் திறந்தோம் என்பதைக்கூடப் பெண்டாட்டியிடம் சொல்லமாட்டோம். அதே பெண்டாட்டியின் கர்ப்பப்பை ஆபரேஷனை பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு போவோம். ஆளுக்கொரு இருக்கை, சேர்ந்த நாளிலிருந்து அதுவே. பக்கத்தில் உட்காருபவரின் வீட்டுச் சமாசாரம் முழுக்க நமக்கு அத்துப்படி. ரகசியம் காக்கச் சம்பளம் வாங்குபவன் வீட்டு ரகசியத்தையும் காப்பான் என்று என் மகள் நினைத்தது இயல்புதான்.

என் பக்கத்து இருக்கைக்காரர் அன்று தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை இருக்கை இருக்கையாகக் கொடுத்துவந்தார். பத்திரிகையா அது, பட்டுப்புடவைப் பெட்டி மாதிரி கனம். எனக்குப் பொறுக்கவில்லை.

“நம்ம பொண்ணுக்கும் முடிவாயிடுச்சு சார். ஏலகிரியில. எட்டே பேர். மண்டபம், மேளம் ஒண்ணும் கிடையாது.”

“அப்படியா, மாப்பிள்ளை நம்மவங்கதானே?”

“இல்ல. புதுப்பட்டினம்.” எந்தத் தெரு என்றும் சொன்னேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்றே சொன்னேன்.

மாறியது. “பெரிய மனசு சார் உங்களுக்கு” என்றார். இறங்கும்வரை அதை மிட்டாய் போல வாயில் அடக்கிக்கொண்டு போனேன். “யார்கிட்டயும் சொல்ல வேணாம்” என்றும் சொல்லிவைத்தேன். சொல்ல மாட்டேன் என்றார். அவர் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை.

நான் ஏலகிரிக்குக் கிளம்பிப் போன அன்று மாலை, புதுப்பட்டினம் மீன் கடையில் அந்த அம்மாள் என் மனைவியைப் பார்த்து, “பஸ்ல பேசிக்கிட்டாங்களாம், எங்களையெல்லாம் கூப்பிடாம ஏலகிரி மலைமேல கல்யாணமாமே” என்று கேட்டிருக்கிறாள். என் மனைவி மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்து தம்பிகளுக்குப் போன் செய்தாள்.

மலையில் எனக்கும் பையனின் அப்பாவுக்கும் ஒரே அறை. காலையில் எனக்கு முன்பே எழுந்து டீ வாங்கிவந்து வைத்திருந்தார்.

“சாரு கீருன்னு கூப்பிடாதீங்க. சம்மந்தின்னு கூப்பிடுங்க” என்றேன் தாராளமாக.

“ஆவட்டும் சார். தாலி ஏறட்டும் மொதல்ல” என்று சிரித்தார்.

பலாமரத்தடியில் பாய் விரித்தாயிற்று. மகள் சாதாரண நூல் புடவையில் நின்றாள். நான் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. மைத்துனர்கள் இறங்கியதைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று யோசிக்கக்கூட இல்லை. கை தானாக வைத்தது.

பெரிய மைத்துனர் என்னை நோக்கி வந்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன் என்று எழுத ஆசைதான். அவர் என் தோளைப் பிடித்தார். “அத்தான், நீங்களும் பஸ்ல கேள்விப்பட்டுத்தான் ஓடியாந்தீங்களா? அக்கா பதறக்கூடாதுன்னு பெங்களூர்னு சொல்லிட்டு வந்தீங்களா?”

முழுப் பொய்யையும் அவரே கட்டி, வெள்ளை அடித்து, சாவியை என் கையில் கொடுத்தார். நான் குடிபோக வேண்டியதுதான் பாக்கி. “ஆமாம்” என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் முடிந்தேன். அவள் சொன்னது வேறு. “அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமா. அவரைக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

பையன் வாயைத் திறந்தான். அவன் அப்பா தடுத்தார். “வுடுப்பா. சாருக்கு ஒண்ணியும் தெரியாது. டீகூட இன்னும் குடிக்கல, இப்பத்தான் வந்துகினு கீறாரு.” அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் தேவலை.

மைத்துனர்கள் கத்தினார்கள். காட்டேஜ்காரர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். பெண் மேஜர், இழுத்துப் போக முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். “இவ செத்துட்டான்னு தலை முழுகிடுவோம். வாங்க அத்தான்” என்றார்கள். போனேன். என் சட்டையின் உள்பையில் தாலி இருந்தது ஆம்பூர் பிரியாணிக் கடையில் கைக்குட்டையை எடுத்தபோதுதான் தெரிந்தது. திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன். பிரியாணியும் சாப்பிட்டேன். மலையில் அவர்கள் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து கட்டிக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் உண்மை தெரியும். யாரும் இடம் மாறாத அந்த பஸ்ஸில் அவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாவத்தின் பெரும்பங்கு அதற்கப்புறம்தான். என் மனைவி மகளை வெறுத்தது சாதிக்காக மட்டுமல்ல. எனக்காக. “உங்களை மாதிரி மனுஷனைப் போய் ஏமாத்திட்டாளே” என்பாள். மகள் போன் செய்தால் வைத்துவிடுவாள். பேரன் பிறந்தபோதும் போகவில்லை. ராத்திரி தனியாக அழுவாள். நான் விழித்திருப்பதைக் கண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்வாள். நானும் ஆறுதல் அடைந்தவன் போலத் திரும்பிப் படுப்பேன். வருடக்கணக்கில் இப்படி. ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டுக்குக் குடிவந்த பிறகும் இதே.

பரிகாரம் என்று நான் செய்ததையும் சொல்ல வேண்டும். பெரிய மைத்துனரின் மகளுக்கு மாமல்லபுரத்துக் கடலோர ரிசார்ட்டில் வரவேற்பு. நான் சிரித்த சமாசாரங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. கூடுதலாகப் புகை கக்கும் இயந்திரம் ஒன்று. அறிவிப்பாளன் மைக்கோடு பெரியவர்களிடம் வந்து வாழ்த்துக் கேட்டான். என்னிடம் நீட்டியபோது வாங்கிக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். காட்டேஜ், தாலி, முட்டி வலி, ‘ஆமாம்’ எல்லாம். கூட்டம் அமைதியானதும் எனக்கு ஒரு சுகம் வந்தது. அது பஸ்ஸில் வந்த அதே சுகம் என்று அப்போது உறைக்கவில்லை.

மைத்துனர் மைக்கைப் பிடுங்கினார். “அத்தானுக்கு சுகர் இறங்கிடுச்சு. யாராவது ஜூஸ் கொண்டாங்கப்பா.” அறிவிப்பாளன் பாட்டைப் போட்டான்.

யாரோ எடுத்த வீடியோ மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவளே எனக்குப் போன் செய்தாள், அத்தனை வருடத்துக்குப் பிறகு. “இன்னொருத்தி கல்யாணத்துல போயா சொல்லுவீங்க? அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? வீட்டுல, அம்மா ஒருத்திகிட்ட சொல்லியிருந்தா போதும். ஆனா உங்களுக்கு ஆளுங்க வேணும்ப்பா, கேட்க.” வைத்துவிட்டாள்.

என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. “முட்டி வலின்னா சொன்னீங்க?”

“ஆமா.”

“மூணாவது மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தவ நான்” என்றாள். மறுநாள் பஸ் பிடித்துத் தனியாகப் புதுப்பட்டினம் போனாள். மகள் கதவைத் திறந்தாளாம். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குச் சொல்லப்படவில்லை.

இப்போது வாரம் தவறாமல் போகிறாள். பஸ் வேண்டாம் என்று நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். அதற்கு மட்டும் மறுப்பில்லை. தெரு முனையில் இறங்கிக்கொள்வாள். நான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். மகள் என்னைக் கூப்பிட்டதில்லை.

பையனின் அப்பா சில நாள் வந்து பக்கத்தில் உட்காருவார். பேரன் சைக்கிள் கேட்டு அடம்பிடித்தது, பல் விழுந்தது என்று ஏதாவது சொல்வார். போன வாரம் துணிந்து கேட்டேன், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று.

“வூடு உங்க பொண்ணுது சார். நான் எப்படிக் கூப்புட்றது?” என்றார். பிறகு கடைக்காரரிடம், “சாருக்கு இன்னொரு டீ குடுப்பா. இன்னும் நேரம் கீது” என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார்.