பனியில் தூங்கும் நீலப் பூச்சிகள்

நகத்தளவு பூச்சியைக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவளுக்குக் கண்ணைவிட வாய்தான் நன்றாக வேலை செய்ய வேண்டும். யானை காட்டும் மசினகுடிக்காரர்களுக்கு இது புரியாது; பூச்சி, பறவை காட்டிப் பிழைக்கும் சக துன்பவாசிகளே, உங்களுக்குப் புரியும்.

ஜெகதளா பக்கம் ஒரு விடுதியில் வேலை. தேயிலைக்கு மேலுள்ள புல்சரிவுக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போய்ச் சின்ன நீலப் பட்டாம்பூச்சியைக் காட்ட வேண்டும். இந்த சீசனில் யாரும் மெச்சாவிட்டால், களைமருந்து அடித்து, லான் போட்டு, ஊஞ்சல் மாட்டப்போவதாக முதலாளி அண்ணன் சொல்லிவிட்டார். பூச்சிக்கு இடம் போகும், எனக்கு வேலை போகும். கைக்குழந்தையோடு வேறு வேலை தேடப் பயம்.

திருப்பூர் குடும்பம்

புல்லுக்குள் படரும் புளியாரையில்தான் இது முட்டையிடும், புழுவுக்கு வேறு இலை இறங்காது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். குடும்பத் தலைவர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இதேதான் எங்க ஊட்டுத் தொட்டியிலயும் பறக்குது. நாங்க டிக்கெட் போடறதில்லீங்க."

எறும்புப் பொடி

அட்டை, காட்டெருமை, எறும்பு, எல்லாமே எனக்குப் பயம். சரிவில் என் குழந்தையை உட்காரவைக்கும் இடத்தைச் சுற்றித் தூவ ஒருநாள் எறும்புப் பொடி கொண்டுபோனேன். டப்பாவைத் திறந்தபோது, புளியாரையில் ஒரு பச்சைப் புழு. அதன்மேல் எறும்புகள் ஏறித் தடவிக்கொடுத்து, அது விடும் இனிப்புச் சொட்டைக் குடித்துக்கொண்டிருந்தன. இந்தக் கூலிக்குத்தான் அவை புழுவுக்குக் காவல் நிற்கின்றன. டப்பாவை மூடிவிட்டு, பாயைத் தள்ளிப் போட்டேன்.

சமையலறைச் செல்வியக்காவிடம் சொன்னேன். அவர் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒனக்கும் அப்படி நாலு எறும்பு கெடச்சா, புள்ளய விட்டுட்டு நிம்மதியா வேலைக்கு வருவ."

மூடுபனி

சீசன் முடியும் நேரம். மருந்தடிக்கிற ஆள் டேங்கோடு வந்து காத்திருந்தார். அன்று கேமராவோடு ஒரு சென்னை அம்மா. கூடவே முதலாளி அண்ணனும். நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. எதுவும் பறக்கவில்லை. கான்வென்ட் பழக்கத்தில் மனசுக்குள் 'ஹெயில் மேரி' ஜெபம் ஓடியது.

பறக்காவிட்டால் எங்கேயாவது உட்கார்ந்துதானே இருக்க வேண்டும்? மண்டியிட்டேன். புல்நுனிகளில், நீலம் உள்ளே மறைந்து சாம்பல் அடிப்பக்கம் தெரிய இறக்கையை மூடி, பனித்துளி சுமந்து, வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. இருவரையும் என்னைப்போலவே மண்டியிடச் சொன்னேன். வெயிலில் ஒருநொடி நிற்காத பூச்சி, லென்ஸ் மூக்கருகே வந்தும் அசையவில்லை. அந்த அம்மாவைத்தான் தரையிலிருந்து எழுப்பவே முடியவில்லை. கடைசியில், அடுத்த முறையும் பனி நாளாகப் பார்த்து ரூம் தரச் சொன்னார்.

முதலாளி அண்ணன் முட்டி நனைந்த வேட்டியோடு எழுந்து, மருந்துக்காரரிடம் சொன்னார்: "டேங்க்கத் திருப்பி எடுத்துட்டுப் போயிரு கண்ணு. ஊஞ்சல வாசல்ல மாட்டிக்கலாம்."

இப்போதெல்லாம் காலையில் வெயில் அடித்தால் விருந்தாளிகள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.