பிரேக் என்று கத்தினேன்

முதலமடைப் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லிக் கொடுப்பது என் வேலை. எட்டு போடப் பழக்குவது எப்படி என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது தொண்டையைப் பற்றி.

கார் என்றால் சொல்லிக் கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்கூட்டருக்கு அந்த வசதி கிடையாது. பின்னாலேயே ஓடிக் கத்த வேண்டியதுதான். அதனால் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். "நான் பிரேக்னு சொன்னா ஏன் எதுக்குன்னு யோசிக்கக் கூடாது. புடிச்சரோணும்."

பழக வந்த சாந்தாமணி அதை அப்படியே கேட்டுக்கொண்டாள். பால் சொசைட்டியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. விடிகிற நேரத்துக்குப் போக வேண்டும், அப்போது பஸ் இல்லை. வண்டி ஓட்டினால்தான் வேலை. ஸ்டாண்டு எடுக்கவே பயந்தவள், என் குரலை நம்பித்தான் ஓட்டப் பழகினாள்.

டெஸ்ட் பாஸான அன்று எங்கள் வழக்கப்படி எல்லோருக்கும் டீயும் பருப்பு வடையும் வாங்கித் தந்தாள். நாங்கள் பழகுகிற, மாங்காய் லோடு ஏற்றும் யார்டு சீசன் முடிந்து காலியாகக் கிடந்தது.

"டீச்சர், அந்தக் கேட்டு வரைக்கும் ஒரு ரேஸ் உடலாமுங்களா? சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க."

இவளா கேட்கிறாள் என்று எனக்குப் பூரிப்பாக இருந்தது. ஸ்கூல் வண்டிகள் இரண்டையும் எடுத்து, ஹெல்மெட் மாட்டி, பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். வடை தின்றுகொண்டிருந்த பெண்கள் கைதட்டிக் கிளப்பிவிட்டார்கள்.

பாதி தூரத்தில் அவள் என்னை முந்திவிட்டாள். பூரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இத்தனை பேர் முன்னால் நான் சொல்லிக் கொடுத்தவளிடமே தோற்பதா என்றுதான் பட்டது. "பிரேக்!" என்று கத்தினேன்.

அவள் யோசிக்கவில்லை, பிடித்தாள். மண்ணில் சறுக்கி வண்டியோடு சாய்ந்தாள். நான் நிற்காமல் அவளைத் தாண்டி கேட் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முழங்கை சிராய்ந்து எழுந்து நின்றாள். கோபம் இல்லை. குறுக்கே ஏதாவது வந்ததா என்று கேட்டாள். நாய் வந்தது என்றேன். நாலு பக்கமும் சுவர் உள்ள யார்டு அது, நாயுமில்லை பூனையுமில்லை. அவள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு "செரீங்க" என்றாள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ஒருத்தி வடைத் தாளைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அவள் வேலைக்குப் போன முதல் நாள், துணைக்கு நான் பின்னால் என் வண்டியில் போனேன். மாந்தோப்பு வளைவில் ஒரு லாரி ரிவர்ஸில் ரோட்டுக்கு வந்தது. அவள் கவனிக்கவில்லை. "பிரேக்" என்று கத்தினேன். அவள் பிடிக்கவில்லை. முதலில் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் முன்னால் பார்த்துப் பிடித்தாள். லாரிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

வண்டியை ஓரங்கட்டினோம்.

"அன்னிக்கு நாய் ஒண்ணும் வரல, சாந்தாமணி. நீ ஜெயிச்சுருவீன்னுதான் கத்துனேன்."

"தெரியுமுங்க டீச்சர்." அவள் ஹெல்மெட் வாரைச் சரிசெய்தாள். "இனி நானே பாத்துப் புடிச்சுக்கறனுங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க."

மாணவியோடு ரேஸ் விடலாம், தோற்றும் போகலாம். அவள் நம்புகிற குரலை நீங்கள் ஜெயிப்பதற்கு எடுத்துவிடாதீர்கள். நான் இப்போதும் பிரேக் என்று கத்துகிறேன். கத்தியதும் ரோட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நிஜமாகவே ஏதாவது வருகிறதா என்று.